காலி சேம்பரில் ஒரு ‘க்ளிக்’: பழைய .22 பயிற்சி ரைஃபிள் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தான் புதிதாக வாங்கிய பழைய லீ-என்ஃபீல்டு .22-ஐ (பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளின் சிறு தோட்டாப் பயிற்சி வடிவம்) கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். முதலில் போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை மூடும் தாழைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று காட்டினார். நல்ல பழக்கம். அப்புறம் போல்ட்டை மூடி, சுவரில் ஒரு புள்ளியைக் குறிபார்த்து டிரிகரை அழுத்தினார். க்ளிக். “அண்ணே, டிரிகர் எவ்வளவு இதமா விழுது பாருங்க” என்றார். மறுபடியும் க்ளிக். மூன்றாவது தடவைக்குள் நான் கையை நீட்டித் தடுத்துவிட்டேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே தடுத்திருக்க வேண்டும், அவர் முகம் வாடிவிட்டது. அந்தக் கோபம் அவர் மேல் இல்லை. இருபது வருடத்துக்கு முந்தைய என் மேல்தான்.

உரிமம் இல்லாமல் வாங்காதீர்கள், குழல் முனையை யார் பக்கமும் திருப்பாதீர்கள், துருப்பிடித்ததை வாங்காதீர்கள் என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு அது தெரிந்திருக்கும். பெரும்பாலும் கேடட் நாட்களின் நினைவோடு வருகிறவர்கள் இவர்கள். அந்த நினைவே வைக்கும் பள்ளங்களைப் பற்றித்தான் இது.

நினைவை நம்பி மாடலை முடிவு செய்வது

பதினைந்து வயதில் படுத்துக்கொண்டு சுட்ட ரைஃபிள் எது என்று கேட்டால் எல்லோரும் உறுதியாகத்தான் பதில் சொல்கிறார்கள். பாதிப் பேர் சொல்வது தவறாக இருக்கிறது. என் நண்பர் ஒருவர் ‘எண் 2 மார்க் 4’ வாங்கினார். முதல் உலகப் போர் கால .303 ரைஃபிளின் (பெரிய போர்த் தோட்டா சுடுவது) உடம்பில் .22 பேரல், அதாவது குழல் போட்டுச் செய்த பயிற்சி ரைஃபிள் அது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மேகசின் பெட்டிக்குள் ஸ்பிரிங்கும் இல்லை, தோட்டாவைத் தூக்கும் தட்டும் இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்தார். அலைந்து திரிந்து ஒரு முழு .303 மேகசினை வாங்கி மாட்டி, பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

அந்த வெறும் பெட்டிதான் அசல். ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுடும் ரைஃபிள் அது. சுட்ட கூடுகள் விழுந்து சேர்வதற்காகவே பெட்டியின் உள்ளே இருந்ததை எடுத்திருந்தார்கள். “நாங்க மேகசின் போட்டுத்தான் சுட்டோம்” என்று அவர் இன்றைக்கும் சொல்வார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பி.எஸ்.ஏ. என்ற பிரிட்டிஷ் துப்பாக்கி நிறுவனம் செய்த .22 ரகமான எண் 7-இல் மேகசின் உண்டு. பி.எஸ்.ஏ.வும் ஃபசாக்கர்லி ஆலையும் செய்த எண் 8, பிரிட்டிஷ் கேடட்டுகளின் கையில் பல பத்தாண்டுகள் இருந்தது, ஒற்றைத் தோட்டாதான். எதைச் சுட்டோம் என்பதைப் பழைய புகைப்படத்தை வைத்து முடிவு செய்யுங்கள், ஞாபகத்தை வைத்து வேண்டாம்.

காலி சேம்பரில் சுட்டுப் பழகுவது

இதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேடட் பயிற்சியில் தோட்டாவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நாங்கள் ஆயிரம் முறை டிரிகர் அழுத்தியிருப்போம். கையில் இருந்தது .303. படுத்து, குறிபார்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, அழுத்த வேண்டும். குழல் முனைக்குப் பக்கத்தில் பயிற்சியாளர் ஒரு நாணயத்தை வைப்பார். க்ளிக் சத்தம் வரும்போது நாணயம் ஆடாமல் இருக்க வேண்டும். விழுந்தால் முதலிலிருந்து. என் முழங்கை தோல் உரிந்தது அப்படித்தான். பிறகு 25 கஜத்தில் .22-ஐக் கொடுத்தபோது ஐந்து குண்டும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் விழுந்ததும் அப்படித்தான். அந்தப் பயிற்சியைக் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் .303-இல் நடப்பது வேறு. அதில் தோட்டாவின் அடிப்பாகத்து நடுவில் பிரைமர், அதாவது அடித்தால் பற்றிக்கொள்ளும் சிறு மூடி இருக்கும். காலியாக அழுத்தினால், தோட்டாவை அடிக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கரின் முனை போல்ட் முகத்தின் ஓட்டை வழியாக வெளியே வந்து காற்றைக் குத்திவிட்டு நிற்கும். .22-இல் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் அந்த விளிம்பைச் சேம்பர் ஓரத்தோடு வைத்து நசுக்கினால்தான் தோட்டா வெடிக்கும். தோட்டா இல்லையென்றால்? முனை நீளமாக இருக்கும் பல பழைய ரைஃபிள்களில் இரும்பு நேராக இரும்பின் மேல் விழும். சேம்பர் ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு பள்ளம் உண்டாகும். பள்ளத்திலிருந்து பிதுங்கிய உலோகம் சேம்பருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும்.

எனக்கு அது தெரியாது. முதல் எண் 2 கைக்கு வந்ததும், சுவரில் கரும்புள்ளி ஒட்டி, குழல் முனையில் நாணயம் வைத்து, இரவு இரவாகப் பழைய பயிற்சியைத் தொடங்கினேன். சுமார் மூன்று மாதம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதைத்தான் மறக்க முடியவில்லை.

முதல் அறிகுறி சுட்ட கூடுகளில் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் ஒரே இடத்தில் ஒரு கோடு. கவனிக்காமல் விட்டேன். அப்புறம் கூடு சேம்பரைவிட்டு வர மறுத்தது. கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றினேன். பிறகு பத்துக்கு இரண்டு தோட்டா வெடிக்கவில்லை. தோட்டாவைக் குறை சொல்லி வேறு பிராண்டு வாங்கினேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். குற்றம் எதிலும் இல்லை. ஸ்ட்ரைக்கர் விழும் இடத்தில் விளிம்புக்குப் பின்னால் தாங்க இரும்பு இல்லை, பள்ளம்தான் இருந்தது. அடி விழுந்தாலும் விளிம்பு நசுங்காமல் உள்ளே அமுங்கிக்கொண்டது.

இதுவரை செய்ததுகூட மன்னிக்கக்கூடியதுதான். சேம்பர் அயர்ன் என்று ஒரு கருவி உண்டு. சேம்பர் அளவுக்கே மெருகேற்றிய கடினமான எஃகுத் தண்டு. அதை மெல்லத் தட்டி உள்ளே விட்டால் பிதுங்கிய உலோகம் வந்த இடத்துக்கே திரும்பிப் போகும். உலோகம் கொஞ்சமும் குறையாது. பழகிய துப்பாக்கி மெக்கானிக் கையில் சிறிய வேலை. நான் அவரிடம் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உருண்டை ஊசி அரத்தை எடுத்து நானே ராவினேன்.

பிசிறு போய்விட்டது. கூடவே சேம்பர் சுவரும் கொஞ்சம் போய்விட்டது. .22 கூடு மெல்லிய பித்தளை. நான்கு பக்கமும் சேம்பர் இறுக்கிப் பிடித்தால்தான் அழுத்தத்தைத் தாங்கும். அடுத்த முறை சுட்டபோது ஒவ்வொரு கூடும் அந்த இடத்தில் கொப்புளம் போல உப்பி வந்தது. பதினெட்டாவது கூடு கிழிந்து, சூடான வாயு பின்னால் பீறிட்டது. கண்ணாடி போட்டிருந்தேன். அதன் வலது சில்லில் இன்றைக்கும் பொட்டுப் பொட்டாகத் தழும்பு இருக்கிறது.

அந்த பேரலைக் கழற்ற வேண்டியதாயிற்று. எண்ணும் முத்திரைகளும் ஒன்றோடொன்று பொருந்திய ரைஃபிள் அது. வேறு பேரல் போட்ட பிறகு நன்றாகச் சுடுகிறது, ஆனால் சேகரிப்பாளன் கண்ணில் அது பாதி ரைஃபிள்தான். ரைஃபிளுக்குக் கொடுத்ததைவிட அதிகம் இந்த ஒரு ‘க்ளிக்’குக்குக் கொடுத்திருக்கிறேன்.

சரி, பழகவே கூடாதா? பழகலாம். சேம்பரில் சுட்ட கூடு ஒன்றைப் போடுங்கள். ஒவ்வொரு க்ளிக்குக்கும் கூட்டைக் கொஞ்சம் சுழற்றி, நசுங்காத விளிம்பு ஸ்ட்ரைக்கருக்கு நேராக வரும்படி வையுங்கள். சுற்றி முடிந்தால் எறிந்துவிட்டு அடுத்தது. அந்த அறையில் உயிருள்ள தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. சுட்ட கூட்டைக் கையால் எடுத்து போடும் பழக்கத்தில், சுடாததை எடுத்துப் போட ஒரு நொடி போதும். ரைஃபிளை வாங்கும் முன்பே போல்ட்டை வெளியே எடுத்து, சேம்பர் ஓரத்தை டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். விற்பவரும் ஒரு காலத்தில் கேடட்டாக இருந்திருக்கலாம்.

‘டி.பி.’ முத்திரை போட்டதைச் சுடுவது

டிரில் பயிற்சிக்கு மட்டும் என்று ஒதுக்கியது. சுடாதீர்கள்.

முனை வழியாகக் கம்பி விட்டுத் துடைப்பது

.22-இன் பேரலைக் குண்டு தேய்ப்பதைவிடத் துடைக்கும் கம்பி தேய்ப்பது அதிகம். குண்டு வெறும் ஈயம். கடைசியாகக் குண்டு தொட்டுவிட்டுப் போகும் இடம் குழல் முனை, அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் குரூப்பிங், அதாவது குண்டுகள் ஒரே இடத்தில் நெருங்கி விழுவது சிதறும். லீ-என்ஃபீல்டில் போல்ட்டை உருவிப் பின்பக்கமாக விடலாம், விடாததற்கு சாக்கு கிடையாது. போல்ட்டுக்குப் பதில் ஏறி இறங்கும் கட்டையால் மூடும் மார்ட்டினி வகையில் பின்வழி அடைபட்டிருப்பதால் கம்பி முனை வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால்தான் பழைய மார்ட்டினியில் முதலில் முனையைப் பார்க்கச் சொல்கிறேன்.

உள்ளே புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் உப்பாகத் தங்கி ஈரத்தை இழுக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் வெறும் எண்ணெய் தடவியவர்களின் கைவண்ணம் அது. நடுவில் அரித்திருந்தாலும் முனை நன்றாக இருந்தால் பல பேரல்கள் அழகாகவே சுடுகின்றன.

உப்புத்தாள்

வேண்டாம். தோளில் வைக்கும் மரக்கட்டையில் (பட்) இருக்கும் எண், கீறல், அழுக்கு, எல்லாம் அதன் சர்வீஸ் பதிவேடு.

அன்றைக்கு அந்தத் தம்பியின் ரைஃபிளிலும் போல்ட்டை உருவிப் பார்த்தோம். சேம்பர் ஓரத்தில் பிறை போல ஒரு கோடு, இன்னும் பள்ளமாகவில்லை. என் மேசை டிராயரில் கிடந்த சுட்ட கூடுகளில் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தேன். “இது எத்தனை நாளைக்கு வரும்ணே?” என்றார். நாணயம் வைத்துப் பழகுவாயா என்று கேட்டேன். ஆமாம் என்றார். இன்னொரு கைப்பிடி கொடுத்தேன்.