ஜூரா ஒயினை லண்டன் கடைக்காரர்கிட்ட காட்டுறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

பிரான்ஸோட கிழக்கு ஓரத்துல, சுவிஸ் எல்லைக்குப் பக்கத்துல இருக்கிற ஜூராவுல மொத்தமே சுமாரா 2,000 ஹெக்டேர்தான் ஒயின் தோட்டம். அதுல நாலஞ்சு ஹெக்டேர் வச்சுக்கிட்டு குடும்பமா சேர்ந்து ஒயின் பண்றவங்க பாட்டிலை லண்டன் ஒயின் கடைகளுக்கு அறிமுகம் பண்ற வேலை எனக்கு. நல்ல ஒயினையே தப்பா காட்டி வாய்ப்பைக் கெடுத்திருக்கேன், அந்தத் தப்பு உங்களுக்கு வேணாம்.

முதல்ல ஊத்துற வரிசை. மத்த இடத்துல பொதுவா வெள்ளை முதல்ல, சிவப்பு அப்புறம். ஜூராக்காரங்க சிவப்பைத்தான் முதல்ல ஊத்துவாங்க. காரணம் இருக்கு, அங்க பூல்சார்னு ஒரு திராட்சை, அதுல வர்ற சிவப்பு அவ்வளவு மெலிசு, கிளாஸுக்குப் பின்னாடி விரல் தெரியும், ஆனா சவான்யன்ங்கற வெள்ளையோ புளிப்பும் அழுத்தமும் உள்ளது, அதைக் குடிச்ச நாக்குல பூல்சாரை ஊத்தினா வெறும் தண்ணிதான். நான் பழக்க தோஷத்துல வெள்ளையை முதல்ல ஊத்திட்டேன், கடைக்காரர் பூல்சாரை ஒரு வாய் வச்சுப் பார்த்துட்டு கிளாஸைத் தள்ளி வச்சுட்டார். ஒரு வருஷ உழைப்பு அந்த ஒரு வாயில போச்சு, இப்பவும் மனசு கேக்கல.

அடுத்து வான் ஜோன், அதாவது ஜூராவோட மஞ்சள் ஒயின். இதை பிரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட ஊத்தவே கூடாது, 14, 15 டிகிரி இருக்கணும், சில மணி நேரம் முன்னாடியே திறந்து வைக்கணும். பீப்பாயில குறையுறதை நிரப்பாம, மேல பாலாடை மாதிரி ஈஸ்ட் படர விட்டு, அறுவடை ஆகி 6 வருஷத்துக்கு மேல காத்திருந்துதான் 62 சென்டிலிட்டர் பாட்டில்ல அடைக்கிறாங்க. வால்நட் வாசமும் வெந்தய வாசமும் வரும் (வெந்தயத்துல இருக்கிற சோட்டலான்ங்கற வாசனைப் பொருள்தான் இதுலயும் இருக்கு). இதைச் சொல்லாம ஊத்தினா, பழக்கமில்லாதவர் ஒயின் கெட்டுப்போச்சுன்னு நினைப்பார். கூட ரெண்டு துண்டு கோம்டே சீஸ் வைங்க, அப்புறம் முகத்தைப் பாருங்க.

எவ்வளவு பாட்டில் இருக்குன்னு மறைக்காதீங்க. 228 லிட்டர் பீப்பா ஒண்ணுன்னா சுமாரா 300 பாட்டில்தான், அதுலயும் வழக்கமா வாங்குறவங்களுக்குப் போக உங்க கைக்கு 60 வந்தா பெரிசு. அதை மொதல்லயே சொல்லிட்டா கடைக்காரர் அதுக்கேத்த மாதிரி தன் கஸ்டமரைத் தேர்ந்து கொடுப்பார், மறைச்சு வச்சு, அவர்கிட்ட வாங்குற ரெஸ்டாரன்ட் மெனுவுல போட்டப்புறம் ஸ்டாக் இல்லன்னு சொன்னா அந்தக் கடைக்கு மறுபடி போக முடியாது.

விலையில தோட்டத்து விலையை மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க. பிரிட்டன்ல 2023 ஆகஸ்ட்ல இருந்து டியூட்டி, அதாவது மது மேல போடுற வரி, ஆல்கஹால் அளவைப் பொறுத்து, அதுலயும் 11.5ல இருந்து 14.5 சதவீதம் வரைக்கும் ஒரே கணக்குங்கற சலுகை 2025 ஜனவரியோட முடிஞ்சுது. அதனால லேபிள்ல 12.5ஆ 13ஆங்கறதே காசு, விவசாயிகிட்ட சரியான அளவைக் கேட்டு வாங்குங்க. லாரி, டியூட்டி, 20 சதவீதம் வாட் எல்லாம் சேர்த்து அலமாரியில என்ன விலைக்கு நிக்கும்னு கணக்குப் போட்டுக் கொண்டு போங்க.

டிசம்பர்ல போகாதீங்க, கடைக்காரருக்கு நிக்க நேரம் இருக்காது. ஆறு பாட்டிலுக்கு மேல தூக்கிட்டும் போகாதீங்க. ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பேர் வண்டியில இருக்கட்டும், கார்க் கெட்டுப்போன பாட்டில் எப்ப வரும்னு தெரியாது, அவருக்கு முன்னாடி நீங்க முகர்ந்து பார்த்துட்டு அப்புறம் ஊத்துங்க.