பைத்தானில் ஓர் எக்ஸ்எம்எல் ஆவணத்தின் கணுவை இன்னோர் ஆவணத்துக்கு நகலெடுத்தல்

ஓர் ஆவணத்தின் கணுவை (குறியும் அதன் உள்ளடக்கமும் சேர்ந்த உறுப்பை) இன்னோர் ஆவணத்தில் அப்பெண்ட் செய்தாலே, அதாவது கடைசியில் சேர்த்தாலே, நகல் உருவாகிவிடும் என்று எண்ணுவதுதான் இந்த வேலையில் எளிதில் நேரும் பிழை. எல்எக்ஸ்எம்எல் நூலகத்தில் அப்படிச் செய்தால் கணு மூல ஆவணத்தை விட்டுச் சத்தமில்லாமல் இடம்பெயர்ந்துவிடும். பைத்தானுடனேயே வரும் எலிமென்ட்ட்ரீயிலோ, ஒரே பொருள் இரண்டு ஆவண மரங்களிலும் தொங்குவதால், ஒன்றில், எடுத்துக்காட்டாக, பக்க எண்ணை 50இலிருந்து 60ஆக மாற்றினால் மற்றதிலும் 60 ஆகிவிடும்.

ஆகவே, பைத்தானின் காப்பி தொகுதியிலுள்ள டீப்காப்பியால் கணுவைப் பிள்ளைகளோடு முழுதாக நகலெடுத்து, அந்த நகலையே இலக்கில் சேர்க்க வேண்டும். வெறும் காப்பி போதாது. எலிமென்ட்ட்ரீயில் அது மேல்கணுவை மட்டும் புதிதாக்கிவிட்டு, பிள்ளைக் கணுக்களைப் பகிர்ந்தே வைத்திருக்கும். மூடும் குறிக்குப் பின்னுள்ள உரையும் டெயில் என்ற பண்பாகக் கூடவே வரும். பெரும்பாலும் அது வரிமுறிவும் இடைவெளியும்தான்; ஆனாலும் இலக்கில் உள்தள்ளல் கோணலாகத் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதையே.

பைத்தானுடன் வரும் இன்னொரு எக்ஸ்எம்எல் தொகுதியான மினிடோமில் வழி வேறு. இலக்கு ஆவணத்தின் இம்போர்ட்நோட் முறைக்குக் கணுவையும் ட்ரூ என்பதையும் தர வேண்டும். ஃபால்ஸ் தந்தால் குறிக்குள் எழுதிய பண்புகள் வரும், பிள்ளைகள் வரா. இம்போர்ட்நோட் திருப்பித் தரும் கணு எங்கும் ஒட்டப்படாமலே இருக்கும் என்பதால், அப்பெண்ட்சைல்டு கொண்டு நாமே அதை உரிய இடத்தில் சேர்க்க வேண்டும்.