மாநாட்டுச் சுற்றுலா ஏற்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் சென்னையில் நடந்த ஒரு தொழில் மாநாட்டில், சுற்றுலா ஏற்பாட்டைப் புதிதாகப் பொறுப்பேற்ற இளைஞர்கள் இருவர் பேருந்து வாசலில் பட்டியலும் கையுமாக நின்று, வராதவர்களைக் கைபேசியில் ஒருவர் பின் ஒருவராக அழைத்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் அதே முகத்தோடு நின்றவன்தான். தண்ணீர் பாட்டில், ஓட்டுநரின் எண், முதலுதவிப் பெட்டி போன்றவற்றை யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்வார்கள் என்பதால், காசையும் மானத்தையும் ஒருசேர வாங்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நிறைவு விழா முடிந்த கையோடு மாமல்லபுரம்

இந்த ஒரு தவறை இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. நிகழ்ச்சி நிரலில் பார்க்க அழகாகத்தான் இருக்கும்: 12 மணிக்கு நிறைவு விழா, 1 மணிக்கு உணவு, 2 மணிக்குப் பேருந்து, 4 மணிக்குள் மாமல்லபுரம். சென்னையில் இருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் மாலை 6 மணிக்கு மூடப்படும் என்பதையும், டிசம்பரில் சூரியன் அதற்கு முன்பே மறைந்துவிடும் என்பதையும், சிறப்பு விருந்தினர் எவரும் குறித்த நேரத்துக்கு வந்ததில்லை என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த நிரல் நிற்காது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு டிசம்பர் சனிக்கிழமை. இரண்டு பேருந்துகள், 74 பேர், பாதிப் பேர் வெளிநாட்டவர். சிறப்பு விருந்தினர் 80 நிமிடம் தாமதமாக வந்தார். பொன்னாடை, நினைவுப் பரிசு, மேடையில் இருந்த ஒவ்வொருவருடனும் புகைப்படம் என்று அது மட்டும் அரை மணி நேரத்தை விழுங்கியது. பசியோடு வரிசையில் நிற்பவர்களைச் சாப்பிடாமல் ஏறுங்கள் என்று சொல்ல முடியுமா? பேருந்து கிளம்பியபோது மணி 3.45. வார இறுதிக் கூட்டம் முழுவதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் இருந்தது. திருவான்மியூரைத் தாண்டி அக்கரை வருவதற்குள் இரண்டாவது பேருந்தில் சிலர் தூங்கியே போனார்கள். கடற்கரைக் கோயிலை எட்டியபோது நுழைவுச் சீட்டு கொடுக்கும் இடத்தில் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று விமானம் மாறி வந்திருந்த ஒரு முதிய பொறியாளர் வேலிக் கம்பிகளுக்கு இடையே கேமராவை நுழைத்து, மங்கிய வானத்தில் கறுப்பாகத் தெரிந்த கோயில் விமானத்தை ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வந்து அமர்ந்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பேருந்து வாடகை, வழிகாட்டிகளின் ஊதியம், ஓட்டுநர் பேட்டா, எட்டு மணிக்குச் சொல்லி வைத்திருந்த இரவு உணவு என எதிலும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

அன்று முதல் மாமல்லபுரத்தைக் காலையில் மட்டுமே வைக்கிறேன். மாநாடு தொடங்கும் முன்தினம், அல்லது முடிந்த மறுநாள். காலை 6 மணி முதலே திறந்திருக்கும் இடம் அது. 6.30க்குக் கிளம்பினால் சாலை காலியாக இருக்கும். அர்ஜுனன் தபசு என்ற சிற்பப் பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேராக விழும்போது யானைகளின் உடல் திரண்டு தெரிவதைப் போல மாலையில் தெரிவதில்லை. பிறகு ரதங்கள், கடைசியில் கடற்கரைக் கோயில், உணவு, 1 மணிக்குள் திரும்பிவிடலாம். மாலை விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கும் பதற்றம் இருக்காது. நிறைவு நாள் மாலையில்தான் வேண்டும் என்று அமைப்பாளர் அடம்பிடித்தால், மயிலாப்பூரைக் கொடுங்கள்: கபாலீசுவரர் கோயில் மாலையில் திறந்திருக்கும், மாட வீதிகளில் விளக்கு வெளிச்சம் இருக்கும், ஒரு மணி நேரம் தாமதமானாலும் எதுவும் கெட்டுப்போகாது.

இலவசம் என்று அறிவித்துவிட்டுத் தலையை எண்ணுவது

பதிவுப் படிவத்தில் ‘சுற்றுலாவுக்கு வருகிறேன்’ என்ற கட்டத்தில் குறியிடுவதற்குச் செலவு எதுவும் இல்லை. அதனால் எல்லோரும் குறியிடுவார்கள். ஒருமுறை 90 பேர் குறியிட்டு 38 பேர் வந்தார்கள். இப்போது ஆளுக்கு 300 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, பேருந்தில் ஏறியதும் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன். தொகை சிறியதுதான், ஆனாலும் வர முடியாதவர்கள் முன்தினமே சொல்லிவிடுகிறார்கள்.

நண்பகலில் காஞ்சிபுரம்

கோயில் நடை சாத்தியிருக்கும். காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், கைலாசநாதர் எல்லாமே உச்சிப் பொழுதில் மூடி, மாலை நான்கு மணி வாக்கில் திறப்பவை.

வார விடுமுறையைப் பார்க்காதது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள தட்சிணசித்ரா பண்பாட்டு அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய், எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி.

கமிஷன் கடைகள்

ஆள் கூட்டி வரும் வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் கமிஷன் கொடுக்கும் கடைகளில் பேருந்தை நிறுத்தாதீர்கள்.

எல்லா வெளிநாட்டவருக்கும் ஒரே கட்டணம் என்று நினைப்பது

மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஆனால் சார்க், பிம்ஸ்டெக் என்ற அண்டை நாட்டுக் கூட்டமைப்புகளில் உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு இந்தியருக்குரிய கட்டணமே. ஆகவே இலங்கை, நேபாளம், வங்கதேசம், தாய்லாந்துப் பேராளர்களைக் கடவுச்சீட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். அதை விடுதி அறையில் விட்டுவிட்டு வந்த பன்னிரண்டு பேருக்காக நான் 6,720 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருக்கிறேன்.

வழிகாட்டியின் நாவன்மையை மட்டும் நம்புவது

ஆண்டுகளையும் மன்னர் பெயர்களையும் அடுக்குபவர் வேண்டாம். இரண்டு நாள் அரங்கில் உட்கார்ந்து கேட்டுக் களைத்தவர்களுக்கு இது மூன்றாவது உரையாகிவிடும். அமர்த்துவதற்கு முன் அவரோடு ஒருமுறை அர்ஜுனன் தபசுக்குப் போய் வாருங்கள். யானைக்குக் கீழே இரண்டு கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி நம்பிக்கையோடு நிற்கும் எலிகளையும் தானே காட்டிவிடாமல், பார்ப்பவர்கள் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் விட்டுக்கொடுப்பவரையே நான் அமர்த்துகிறேன்.