வேலைக்குப் போய்க்கொண்டே ராணுவ அதிகாரி ஆவது எப்படி? 24ஐ நெருங்குபவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் மட்டும்

டிகிரி முடித்து இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்த பிறகு, "இனிமே ஆர்மில ஆபீசரா சேர முடியுமா?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படிப் போனவன்தான். வேலையில் இருந்தபடியே தேர்வு எழுதி, பரங்கிமலை ஓ.டி.ஏ.வில் (ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம்) பயிற்சி முடித்து, ஷார்ட் சர்வீஸ் என்ற குறுகிய காலப் பணி முழுவதும் இருந்துவிட்டு வெளியே வந்தேன். கல்லூரி மாணவர்களுக்கு வழிகாட்ட நிறைய பேர் இருக்கிறார்கள். வயது ஏறியவர்களுக்கு வரும் சிக்கல்கள் வேறு. அவற்றை மட்டும் பார்ப்போம்.

படி 1: காலண்டரை எடுங்கள்

புத்தகம் வாங்குவதற்கும் ஓட ஆரம்பிப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. சி.டி.எஸ். என்பது முப்படை அதிகாரிகளுக்காக யு.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வு. "சி.டி.எஸ். வழியாக ஓ.டி.ஏ.வுக்கு 25 வயது வரை போகலாம்" என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கும். பொய் இல்லை, ஆனால் அந்த 25 எந்தத் தேதியில் என்பதை யாரும் சொல்வதில்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் இல்லை, தேர்வு எழுதும் நாளிலும் இல்லை. பயிற்சி தொடங்கும் காலத்தை ஒட்டி ஒரு தேதி வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

2025ஆம் ஆண்டின் முதல் சி.டி.எஸ். தேர்வைப் பாருங்கள். அறிவிப்பு வந்தது 2024 டிசம்பரில், தேர்வு 2025 ஏப்ரலில், ஓ.டி.ஏ. பயிற்சி தொடங்குவது 2026 ஏப்ரலில். இதற்கு 2001 ஜனவரி 2க்கு முன் பிறந்தவர்கள் விண்ணப்பிக்க முடியாது. 2000 டிசம்பர் 31 அன்று பிறந்த ஒருவருக்கு அறிவிப்பு வெளியான நாளில் 24 வயதுகூட நிரம்பியிருக்காது. ஆனாலும் அவர் அவுட். ஆக, "25 வரை" என்பதை "24 நிரம்புவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்" என்று படித்துக்கொள்ளுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. எழுதிப் பழகியவர்கள் அடுத்துக் கேட்பது வயதுத் தளர்வு. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று எதற்கும் இங்கே தளர்வு கிடையாது. பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுதான் செல்லும். பள்ளியில் சேர்த்தபோது தாத்தா ஒரு வருடம் கூட்டிப் போட்டிருந்தால், அந்த ஒரு வருடம் போனது போனதுதான்.

அதனால் ஒரு தாளில் பிறந்த தேதியை எழுதி, பக்கத்தில் வரப்போகும் இரண்டு அறிவிப்புகளின் "இந்தத் தேதிக்கு முன் பிறந்திருக்கக் கூடாது" வரியை எழுதுங்கள். உங்களுக்கு இன்னும் எத்தனை வாய்ப்பு மிச்சம் என்று அப்போதே தெரிந்துவிடும். ஒன்றுதான் மிச்சம் என்றால் கீழே இருப்பதை வேறு வேகத்தில் படிக்க வேண்டியிருக்கும்.

படி 2: உங்கள் டிகிரிக்கு எந்த என்ட்ரி?

எந்த டிகிரியாக இருந்தாலும் சி.டி.எஸ். எழுதி ஓ.டி.ஏ. போகலாம். டேராடூன் ஐ.எம்.ஏ.வுக்கு (நிரந்தரப் பணிக்கான பயிற்சி மையம்) 24, ஓ.டி.ஏ.வுக்கு 25. என்.சி.சி. 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு எழுத்துத் தேர்வே இல்லாத தனி என்ட்ரி உண்டு. அதற்கும் 25தான்.

இன்ஜினியர்களுக்கு இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைக்கிறது. எஸ்.எஸ்.சி. டெக் (இன்ஜினியர்களுக்கான ஷார்ட் சர்வீஸ்), டி.ஜி.சி. (அவர்களுக்கான நிரந்தரப் பணி) இரண்டுக்கும் 27 வரை, எழுத்துத் தேர்வு இல்லை. இன்ஜினியரிங் மதிப்பெண்ணை வைத்து நேரே எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் தேர்வு முகாமுக்குக் கூப்பிடுவார்கள். ஆனால் திருமணம் ஆகியிருக்கக் கூடாது. சி.ஜி.பி.ஏ.வைச் சதவீதமாக மாற்றும் முறையை உங்கள் பல்கலைக்கழகத்திடம் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூகுளில் கிடைக்கும் சூத்திரத்தைப் போட்டு நிரப்பாதீர்கள்.

சட்டம் படித்தவர்களுக்கு ஜாக் (ராணுவச் சட்டப் பிரிவு) என்ட்ரி, அதுவும் 27 வரை. எல்.எல்.பி.யில் 55 சதவீதமும், கிளாட் எனும் முதுநிலைச் சட்ட நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணும் வேண்டும். கால்நடை மருத்துவர்களுக்கு 32 வரை வழி இருக்கிறது. விமானப்படைதான் வேண்டும் என்றால் ஏ.எஃப்.கேட் என்ற விமானப்படைத் தேர்வு எழுதி, கிரவுண்ட் டியூட்டிக்கு (பறக்காத பணிகளுக்கு) 26 வரை போகலாம்.

இவை எல்லாமே தாண்டிவிட்டதா? டெரிட்டோரியல் ஆர்மி இருக்கிறது. 1949 அக்டோபர் 9 அன்று அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கிவைத்த பகுதிநேரப் படை அது. 18 முதல் 42 வயது வரை, பட்டப்படிப்புடன், வருமானம் வரும் ஒரு வேலையோ தொழிலோ இருக்க வேண்டும். வேலை பார்ப்பது இங்கே தடையில்லை, அதுதான் தகுதியே. தேர்வும் எஸ்.எஸ்.பி.யும் மெடிக்கலும் இதற்கும் உண்டு. வருடத்துக்கு இரண்டு மாதம் முகாம், நடுவில் ஐ.எம்.ஏ.வில் மூன்று மாதப் பயிற்சி. இதை முழுநேர வேலைக்கு மாற்றாக நினைத்து வருகிறவர்களை நான் தடுத்துவிடுவேன். காலியிடங்களும் குறைவு, நிரந்தரச் சம்பளத்துக்கு உத்தரவாதமும் இல்லை. சொந்தத் தொழிலோ நல்ல வேலையோ கையில் இருக்கும் 35 வயதுக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

படி 3: எழுத்துத் தேர்வு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓ.டி.ஏ. மட்டும் போதும் என்றால் கணக்குத் தாள் கிடையாது. ஆங்கிலம் 100, பொது அறிவு 100, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். யு.பி.எஸ்.சி. தளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாக இருக்கின்றன. பயிற்சி மையத்தின் தடிமனான கையேடுகளைவிட அவையே மேல் என்பது என் கட்சி. அரசு ஊழியர் என்றால், விண்ணப்பித்திருப்பதை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

படி 4: எஸ்.எஸ்.பி.

ஐந்து நாள். நம் பக்கத்துக்காரர்களுக்குப் பெரும்பாலும் பெங்களூரு கிடைக்கும். முதல் நாள் ஸ்கிரீனிங்கிலேயே பெரும்பகுதியினரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மங்கலான ஒரு படத்தை 30 வினாடி காட்டுவார்கள், நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும், பிறகு அதே படத்தைப் பற்றிக் குழுவாகப் பேச வேண்டும். நம் ஆட்கள் சறுக்குவது இந்தப் பேச்சில்தான். பாதியில் குழு இந்திக்குத் தாவும். நீங்களும் தட்டுத்தடுமாறி இந்தியில் சேர வேண்டியதில்லை, வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். எளிய ஆங்கிலத்தில், இரண்டே வாக்கியமாக, குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள். போதும்.

இரண்டாம் நாள் சைக்காலஜி. 60 சொற்கள், சொல்லுக்கு 15 வினாடி. 60 சூழ்நிலைகள், மொத்தம் 30 நிமிடம். வேலைக்குப் போனவருக்குச் சாதகமான இடம் இது. "நீங்கள் பொறுப்பில் இருக்கும்போது ஒரு சக ஊழியர் வேலையைப் பாதியில் விட்டுப் போய்விட்டார்" என்று ஒரு சூழ்நிலை வந்தால், கல்லூரிப் பையன் "அவரை ஊக்கப்படுத்தி, குழுவை ஒன்றிணைத்து வெற்றி பெற்றான்" என்று எழுதுவான். உங்களுக்கு நிஜத்தில் நடந்திருக்கும். அந்த வேலையை யாருக்குப் பிரித்துக் கொடுத்தீர்கள், மேனேஜரிடம் எப்போது சொன்னீர்கள் என்பதை அப்படியே ஒரு வரியில் எழுதுங்கள். மனப்பாடக் கதைகளைச் சொல்லித்தரும் மையங்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒரே மையத்தில் படித்த நான்கு பேர் ஒரே கதையை எழுதினால், தாளைத் திருத்துபவருக்குத் தெரியாதா?

பயிற்சிக்கு மொபைல் செயலி வேண்டாம். வெள்ளைத் தாள், பந்துமுனைப் பேனா, ஒரு டைமர். வருடக்கணக்காகக் கீபோர்டில் தட்டியவர்களுக்குக் கை எழுத வராது. மூளை முடித்துவிடும், விரல் பாதியில் நிற்கும்.

முதல் நாளே பி.ஐ.க்யூ. என்று ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். நேர்முகத் தேர்வின் கேள்விகள் பாதிக்குமேல் அதிலிருந்துதான் வரும். வேலை, சம்பளம், முந்தைய முயற்சிகள் எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. இடையில் வேலை இல்லாமல் இருந்த மாதங்களை மறைக்காதீர்கள். "இத்தனை வருடம் கழித்து ஏன் இப்போது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். "சின்ன வயதிலிருந்தே கனவு" என்றால், "அப்படியானால் 21 வயதில் ஏன் எழுதவில்லை?" என்பது அடுத்தது. வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், அப்போது இதைப் பற்றித் தெரியவே தெரியாது என எது உண்மையோ அதைச் சொல்லுங்கள்.

மைதானத்தில் நடக்கும் ஜி.டி.ஓ. (குழுப் பணிகள், தடை தாண்டுதல்) பகுதியை விரிவாக எழுதவில்லை. மூன்று நிமிடத்தில் பத்துத் தடைகளைத் தாண்ட, ஆறு மாதம் தினமும் ஓடியிருந்தால் போதும். 400 மீட்டர் டிராக்கில் ஆறு சுற்று 2.4 கிலோமீட்டர். அதைப் பத்தரை நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுங்கள், அதாவது சுற்றுக்கு 1 நிமிடம் 45 வினாடி. ஸ்மார்ட் வாட்ச்சின் ஜி.பி.எஸ். தூரத்தை நான் நம்புவதில்லை. கோடு போட்ட டிராக்கே கணக்கு.

படி 5: மெடிக்கல்

எஸ்.எஸ்.பி.யில் ரெகமண்ட் ஆனதும், அதாவது தேறியதும், ராணுவ மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மேஜை வேலை பார்த்தவர்களுக்கு எடைதான் முதல் எதிரி. இரண்டாவது, காதில் சேர்ந்த அழுக்கு. சிரிக்காதீர்கள். செவிப்பறை தெரியாவிட்டால் தற்காலிகமாக நிராகரித்துவிடுவார்கள். எஸ்.எஸ்.பி.க்குக் கிளம்பும் முன்பே ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பல்லையும் காட்டிவிடுங்கள். நிராகரித்தாலும் அத்தோடு முடியவில்லை, 42 நாளுக்குள் அப்பீல் மெடிக்கல் உண்டு. அந்த இடைவெளியில் நிறைய பேர் எடையைக் குறைத்துத் தேறியிருக்கிறார்கள்.

ரெகமண்ட் ஆனதும் இனிப்பு கொடுத்துவிடாதீர்கள். மெரிட் லிஸ்ட்டில் பெயர் வர வேண்டும். வந்தால் 49 வாரப் பயிற்சி, மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. ஷார்ட் சர்வீஸ் என்பது பத்து வருடம், விரும்பினால் இன்னும் நான்கு. நிரந்தரக் கமிஷன் (நிரந்தர அதிகாரிப் பணி) கிடைக்காமல் வெளியே வந்தால் ஓய்வூதியம் இல்லை. 25 வயதில் சேர்கிறவர் தன் நாற்பதாவது வயதைப் பற்றி இப்போதே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்தவை

ஒன்று, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ்", ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், டிகிரியில் இனிஷியல் பின்னால். வட இந்தியாவில் இருந்து வரும் சரிபார்ப்பவருக்கு இது மூன்று வேறு ஆட்கள். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்பில் உள்ளபடியே எழுதுங்கள். மற்றவை ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று ஒரு நோட்டரி அஃபிடவிட் எடுத்து ஃபைலில் வையுங்கள்.

இன்னொன்று, நோட்டீஸ் பீரியட். ஐ.டி. கம்பெனிகளில் 90 நாள் கேட்பார்கள். மெரிட் லிஸ்ட் வந்து, பயிற்சியில் சேரச் சொல்லும் கடிதம் கைக்கு வரும்போது சில வாரங்கள்தான் இருக்கும். பயந்துபோய் ரெகமண்ட் ஆன மறுநாளே ராஜினாமா கொடுத்துவிட்டு, லிஸ்ட்டில் பெயர் வராமல் நின்றவர்கள் உண்டு. கடிதம் வரும்வரை ராஜினாமா வேண்டாம். மெடிக்கல் முடிந்ததும் ஹெச்.ஆரிடம் பேசி, நோட்டீஸுக்குப் பதிலாகப் பணம் கட்டி விடுபட முடியுமா, எவ்வளவு ஆகும் என்று மின்னஞ்சலில் வாங்கிவையுங்கள், அந்தத் தொகையையும் ஒதுக்கிவிடுங்கள். கடிதம் வந்ததும் அதை இணைத்து அனுப்பினால், பெரும்பாலான மேனேஜர்கள் விட்டுவிடுவார்கள்.