சுடுமல்லி இனங்களை இனம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்குக் கென்யாவிலும் சூடானிலும் சோளக்காட்டினூடே இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் ஸ்ட்ரைகா ஹெர்மான்திகா, கண்ணைப் பறிக்கும் அழகு. பயிரின் வேரை உறிஞ்சி வாழும் செடி அது. நம் ஊர்ச் சோளத்திலும் கரும்பிலும் வரும் சுடுமல்லி, ஸ்ட்ரைகா என்ற அதே பேரினத்தைச் சேர்ந்த பங்காளிதான்.

பூவின் நிறத்தைப் பார்த்துப் பெயர் எழுதிவிடுவதுதான் பெரிய தவறு. ஸ்ட்ரைகா ஏசியாட்டிகா ஆப்பிரிக்காவில் சிவப்பாகவும் இந்தியாவில் பெரும்பாலும் வெள்ளையாகவும் பூக்கிறது. ஸ்ட்ரைகா டென்சிஃப்ளோரா என்ற இன்னொரு இனமும் இங்கே வெள்ளைதான். ஆகவே ஒரு பூவைப் பறித்து, அதன் புல்லிவட்டக் குழலை, அதாவது இதழ்களுக்கு அடியில் உள்ள பச்சை உறையை, கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் புடைத்த வரிகள் தெரியும். ஏசியாட்டிகாவில் அவை பத்து அல்லது அதற்கும் மேல். டென்சிஃப்ளோராவிலும் ஹெர்மான்திகாவிலும் ஐந்து. பிறகு பூவைப் பக்கவாட்டில் திருப்புங்கள். ஸ்ட்ரைகா என்றால் இதழ்கள் இணைந்த அல்லிக்குழல் வளைந்திருக்கும். நேராக இருந்தால் அது புக்நேரா என்ற வேறு பேரினச் செடியாக இருக்கலாம். இதையெல்லாம் வயலிலேயே குறித்துக்கொள்வது நல்லது. உலர்த்தினால் செடி கறுத்துவிடும்.

ஒட்டுண்ணி என்றதும் 'இலையற்றது, பச்சையம் இல்லாதது' என்று எழுதுவதும் பிழை. ஹெர்மான்திகாவுக்கு நாற்கோணத் தண்டும் சொரசொரப்பான பச்சை இலைகளும் உண்டு. தானும் உணவு தயாரிக்கும், பயிரிடமிருந்தும் எடுக்கும். அரை ஒட்டுண்ணி என்பதே சரி. குடும்பம் இப்போது ஒரபான்கேசி. பழைய நூல்களில் ஸ்க்ரோஃபுலேரியேசி என்றிருக்கும்.

உழவரை அழவைக்கும் தவறு வேறு. செடி தலைகாட்டிய பிறகுதான் சேதம் தொடங்குகிறது என்று நினைப்பது அது. வெளியே வருவதற்குப் பல வாரங்கள் முன்பே அது வேரில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சத் தொடங்கிவிடும். மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடிக் குன்றினால், உரம் போடும் முன் வேரைத் தோண்டிப் பார்க்க வேண்டும். பூத்த செடியைப் பிடுங்கி வரப்பில் போடவும் கூடாது. காய் முற்றினால் ஒரே செடி பல்லாயிரம் விதைகளைக் கொட்டும். சுமார் 0.3 மி.மீ. அளவுள்ள அந்தத் தூசி விதை பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

அப்படியிருக்க, அதே நிலத்தில் சோளத்துக்குப் பின் சோளமே விதைப்பது அந்த விதைகளுக்குச் சோறு போடுவதாகும். பயிர்வேர் கசியும் வேதிப்பொருளை உணர்ந்தால்தான் அவை முளைக்கும். பருத்தி வேரும் அத்தகைய பொருளைக் கசிகிறது. ஸ்ட்ரைகா விதையை முளைக்கத் தூண்டும் ஸ்ட்ரைகால் என்ற பொருள் 1966இல் கண்டறியப்பட்டது பருத்தி வேர்க்கசிவில்தான். ஆனால் பருத்தி அதற்கு உணவாவதில்லை. முளைத்தவை பற்ற இடமின்றிச் சாகும். மேற்குக் கென்ய உழவர்கள் மக்காச்சோளத்தின் ஊடே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடியை வளர்த்து ஸ்ட்ரைகாவைக் கட்டுப்படுத்துகிறார்கள். மாட்டுக்குத் தீவனமும் கிடைக்கிறது.