படம் எப்படி இருந்தது என்று கேட்டால்

"சூப்பர்", "மொக்கை" என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். எந்தக் காட்சியில் ஒன்றிப்போனீர்கள், எந்த இடத்தில் கை தானாகச் செல்போனைத் தேடியது என்று சொல்லுங்கள். "முதல் அரை மணி நேரம் நகரவே இல்லை, அப்பாவும் மகளும் மோதிக்கொண்ட பிறகு எழுந்திருக்க மனசு வரவில்லை" என்றால், அது தனக்கு ஒத்துவருமா என்று கேட்பவரே முடிவு செய்துகொள்வார்.

க்ளைமாக்ஸ் சொதப்பினால் மொத்தப் படமும் வீண் என்றே தோன்றும். ஓர் அனுபவத்தை அதன் உச்சக்கட்டத்தையும் முடிவையும் வைத்தே நாம் பெரும்பாலும் எடைபோடுகிறோம் என்று உளவியலாளர் டேனியல் கானமன் விளக்கியிருக்கிறார். அதனால் முதல் பாதியையும் ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். உழைத்தவர்களுக்கு அதுதான் நியாயம்.

விமர்சகர்களின் கருத்துகளைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் 90% என்றால் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று அர்த்தமில்லை. பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் சாதகமாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். "பரவாயில்லை" ரகமும் அதில் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, ட்விஸ்ட்டை மட்டுமல்ல, "கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கு" என்பதையும் சொல்லாதீர்கள். பார்ப்பவர் கதையை விட்டுவிட்டு அதையே தேடிக்கொண்டிருப்பார்.