பிரேக் எண்ணெய்க் கிண்ணமும் அசையாத திருகாணிகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் கப்சாய் என்று அழைக்கப்படும் சிறு மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் எத்தனையோ திருகாணிகள் இருக்கின்றன. ஆனால், சொந்தமாகப் பழுது பார்ப்பவர்களின் பொறுமையைச் சோதிப்பவை முன் பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு திருகாணிகள்தாம். பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இவற்றின் தலை மூடிக்குள் அமிழ்ந்திருப்பதால் மழைநீர் அந்தக் குழியிலேயே தேங்குகிறது. திருகாணி எஃகாகவும் கிண்ணம் அலுமினியமாகவும் இருப்பதால், ஈரம் பட்டவுடன் இரண்டும் சேருமிடத்தில் அரிப்பு தொடங்குகிறது. சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் உர மூட்டையுடன் செம்பனைக் காட்டுக்குள் சென்று வரும் மோட்டார்களில் இது இன்னும் விரைவாக நடக்கும், ஏனெனில் பொட்டாஷ் உரத்தில் இருப்பது அரிப்பை விரைவுபடுத்தும் குளோரைடு உப்பு.

ஆயினும், நான் பார்த்தவரையில் திருகாணியின் தலையைக் கெடுப்பது துருவைவிடத் தவறான திருப்புளிதான். கூட்டல் குறி வெட்டுள்ள தலைகள் எல்லாம் ஒன்றல்ல. நம்மிடம் ஓடும் ஜப்பானிய மோட்டார்களில் காலங்காலமாக வந்தவை ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தர வெட்டுகள்; அவற்றில் பலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். நம் வீட்டுப் பெட்டியில் கிடப்பதோ 1936இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிலிப்ஸ் வகை. அதன் முனை ஜப்பானிய வெட்டின் அடிவரை இறங்காமல் மேலேயே நின்றுவிடும்; அதன் சரிந்த பக்கங்கள் திருப்பும் விசையில் ஒரு பகுதியை மேல்நோக்கித் தள்ளும். அப்படி ஒருமுறை வழுக்கினாலே வெட்டின் விளிம்பு மழுங்கிவிடும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்றைத் தனியாக வாங்கி வைப்பது வீண்செலவாகாது.

அடுத்த தவறு, வெட்டுக்குள் இறுகிக் கிடக்கும் மண்ணை எடுக்காமலும், முனையை அழுத்திப் பிடிக்காமலும் திருப்பத் தொடங்குவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அதைத்தான் செய்தேன். ‘கிரீச்’ என்ற ஒலியோடு திருப்புளி வழுக்கியது. முனையில் வெள்ளிச் சுருள் ஒன்று ஒட்டியிருந்தது. தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, திருப்பாதே, முதலில் அமுக்கு. அமுக்குவது முக்கால், திருப்புவது கால்,” என்றார். பிறகு ஓர் ஊசியால் வெட்டைச் சுரண்டச் சொல்லி, திருப்புளியை நேராக நிறுத்தி, சிறு சுத்தியலால் அதன் பின்புறத்தில் நாலைந்து முறை மெதுவாகத் தட்டினார். முதலில் மயிரிழை அளவு இறுக்கும் திசையில் திருப்பிப் பார்த்துவிட்டு, அதன்பின் இடப்புறம் திருப்பினார். இரண்டாவது திருகாணி அப்படியே வந்தது. நான் கெடுத்த முதலாவது வரவில்லை.

கெட்ட தலையின்மேல் ரப்பர் பட்டையை வைத்துத் திருப்பும் உத்தியைப் பலர் சொல்வார்கள்; ஏற்கெனவே தளர்ந்திருக்கும் திருகாணிக்கு அது உதவலாம், துருப்பிடித்ததற்கு உதவாது. திருப்புளி முனையில், என்ஜின் வால்வை அரைக்கப் பயன்படும் சொரசொரப்பான பசையைச் சிறிது தடவுவது அதைவிடப் பிடிமானம் தரும்.

துருவை இளக்கும் எண்ணெயைக் கிண்ணத்தைச் சுற்றிப் பீய்ச்சியடிப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் எண்ணெய்களுக்கேற்ற ரப்பர் உறுப்புகள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். அது கிண்ணத்துக்குள் இறங்கினால் பிரேக்கே பழுதாகும். பஞ்சுக் குச்சியால் தலையோரத்தில் ஒரு துளி வைத்து, ஓர் இரவு காத்திருந்து, மூடியைத் தூக்குமுன் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். கேஸ் டார்ச்சைக் காட்டுவதும் கூடாது. பிளாஸ்டிக் உருகும், பிரேக் எண்ணெய் தீப்பிடிக்கக்கூடும். சூடேற்றியே ஆக வேண்டுமென்றால், சால்டரிங் அயர்ன் முனையை இரண்டு மூன்று நிமிடங்கள் தலைமீது வைத்திருந்தால் போதும். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால், சூடாகி ஆறும்போது துருவின் பிடி விடுபடும்.

சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் என்ஜின் மூடிகளுக்கு நல்ல கருவி. ஆனால், அந்தரத்தில் நிற்கும் ஹேண்டில்பாரின்மேல் ஓங்கி அடித்தால் மெல்லிய கிண்ணம் விரிசல் விடக்கூடும். உடைந்த திருகாணியை எடுக்கும் இடப்புரி எக்ஸ்டிராக்டரையும் 4 மில்லிமீட்டர் திருகாணியில் நான் நம்புவதில்லை. அது உள்ளே ஒடிந்தால், அந்தக் கடின எஃகைச் சாதாரண டிரில் முனை துளைக்காது.

நான் கெடுத்த திருகாணியை எடுத்தது டிரில்தான். சுற்றிலும் ஈரத்துணியைப் போர்த்தி, முதலில் 2.5 மில்லிமீட்டர் முனையால் நடுவில் துளையிட்டு, பிறகு 4 மில்லிமீட்டர் முனையால் மெதுவாகத் தலையை மட்டும் வெட்டினோம். தலை கழன்றதும் திருகாணியின் இழுவிசை போய்விடுகிறது. காந்தத்தால் துகள்களை எடுத்துத் துடைத்தபின் மூடியைத் தூக்கினால், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை வைஸ் கிரிப் எனப்படும் பூட்டும் இடுக்கியால் பிடித்துத் திருப்பலாம். எங்களுக்கு அது அரைச்சுற்றிலேயே தளர்ந்தது. துணியைத் தவிர்ப்பவர்கள் துகள்களைக் கிண்ணத்துக்குள்ளும், பிரேக் எண்ணெயைப் பெயிண்டின் மீதும் சிந்துவார்கள். சிந்திய எண்ணெய் பெயிண்டை உரித்துவிடும் என்பதால், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

சுவிட்சுப் பெட்டியின் திருகாணிகளுக்கும் இதே முறைதான்; அங்கே டிரில் முனை ஆழமாக இறங்கினால் ஒயர் அறுபடும்.

திரும்பப் பூட்டும்போது பழைய திருகாணியையே போடுவது அடுத்த தொல்லைக்கு வித்து. அதே அளவில் அறுகோணக் குழியுள்ள துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளை வாங்கி, புரியில் சிறிது கிரீஸ் தடவிப் போடலாம். ஆனால், கை பலத்தைக் காட்டக் கூடாது: இந்த மூடிக்குப் பொதுவாக 1 முதல் 2 நியூட்டன் மீட்டர் முறுக்கமே போதும். மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் உதரவிதானம் மடங்காமல் அமர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குட்டையான ஆலன் கீயை இரண்டு விரல்களால் திருப்பி, பிறகு பிரேக் பிடியைப் பலமுறை அழுத்தி, அது கெட்டியாக நிற்கும்வரை மோட்டாரை நகர்த்தாதிருங்கள்.